24 அறை, 412 மெசேஜ், 72,240 ரூபாய்: ஆட்டோமேஷன் தேடிப் போய் நான் பட்ட பாடு

வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் லாட்ஜ் இருக்கிறது. 24 அறை, மூன்று மாடி, லிப்ட் கிடையாது. அப்பா கட்டியது. அவருக்கு உடம்பு முடியாமல் போனதில் இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் லாட்ஜ் என்றால் யார் வந்து தங்குவார்கள் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்கள்தான். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று எங்கிருந்தோ ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குவார்கள். டெஸ்ட், ரிசல்ட், மறுபடி டாக்டர் என்று ஒரு வாரம் இழுக்கும், சிலருக்கு இரண்டு மாதம். அதனால் அறையோடு சின்னதாக ஒரு சமையல் மேடையும் கேட்பார்கள். காலை பத்து மணிக்கு எங்கள் மாடிப்படி ஏறினால் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை வரும்.

இவர்கள் எல்லோரும் ஊரில் இருந்து கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில்தான் விசாரிப்பார்கள். ஒருவர் இந்தியில், ஒருவர் வங்காளியில், ஒருவர் ஆங்கில எழுத்தில் வங்காளியைத் தட்டி, இன்னொருவர் வாய்ஸ் மெசேஜாக. "ரூம் காலி ஹை?" "ரூம் காலி ஆச்சே?" காலி என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் பொது, நமக்கும்தான். எங்கள் மேனேஜர் ஐயா 30 வருஷமாக இருக்கிறார். இந்தியும் வங்காளியும் சரளமாகப் பேசுவார், டைப் அடிக்க வராது. ஆகவே பதில் போடுவது என் வேலை. 2024 ஆகஸ்ட்டில் பங்களாதேஷில் ஆட்சி கவிழ்ந்து, விசா தருவது சுருங்கியபின் அங்கிருந்து வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். ஆறு ஏழு அறை எப்போதும் சும்மா கிடந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் பதில் போட அரை மணி நேரம் தாமதித்தால், கேட்டவர் அதற்குள் அடுத்த லாட்ஜில் பேசி முடித்துவிடுகிறார்.

2025 பொங்கலுக்கு அக்கா பையன் பெங்களூரில் இருந்து வந்திருந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டே போனைத் தட்டுவதைப் பார்த்துவிட்டு, "சித்தி, இதெல்லாம் இப்ப பத்து நிமிஷ வேலை. ஏஐ வச்சு ஆட்டோமேட் பண்ணிடலாம்" என்றான். பத்து நிமிஷ வேலை எட்டு மாதம் ஆனது. 72,240 ரூபாய் போனது. என்னைப் போல சின்னதாக ஏதோ ஒன்றை நடத்துகிறவர்கள், கம்ப்யூட்டர் படிக்காதவர்கள், இந்த விஷயத்தில் கால் வைக்கும் முன் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதல் தப்பு, ஆப்களை ஒன்றோடொன்று இணைத்து வேலையைத் தானாக ஓட வைக்கும் ஆட்டோமேஷன் தளங்களில் எது வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்த்த விதம். நானும் பையனும் வீடியோக்களாகப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான ஆப்களோடு இணையும் என்றார்கள். எனக்கு வேண்டியது மூன்றே மூன்று: வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் ஷீட். மூன்றும் எல்லாவற்றிலும் இருந்தன. இதில் இன்னொரு குழப்பம், பழைய வீடியோக்களில் இன்டக்ரோமேட் என்று வருவதுதான் 2022ல் மேக் என்று பெயர் மாறியது, மைக்ரோசாப்ட் ஃப்ளோ என்பதுதான் இன்றைய பவர் ஆட்டோமேட். இது தெரியாமல் இரண்டையும் தனித்தனிப் பொருளாக நினைத்து நோட்டில் தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன். கடைசியில் எது பார்க்க அழகாக இருந்ததோ அதை எடுத்தோம். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்று போட்டிருந்தது. 21,600 ரூபாய் கட்டினேன். பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் தப்பு அவர்களுடையது இல்லை. கட்டணப் பக்கத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. மாதத்துக்கு இத்தனை வேலைதான் செய்யும் என்று ஓர் அளவு இருந்தது, அது ஏழாம் நாளே தீர்ந்து எல்லாம் நின்றுபோனது. ஏன் நின்றது என்றுகூட எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நெட் கட்டாகிவிட்டது என்று நினைத்து மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருந்தேன்.

வருஷக் கட்டணம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமாகவே கட்டுங்கள். டாலரில் போகும்போது கார்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு மார்க்அப் போடுவார், அதையும் கணக்கில் சேருங்கள். ஒரே ஒரு நல்ல விஷயம், ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி கொடுத்தால்தான் போகும். அடுத்த ஜனவரியில் அதே 21,600க்கு அறிவிப்பு வந்தபோது நான் ஓடிபி கொடுக்கவில்லை, தப்பித்தேன். மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் என்று போகிற சந்தாவுக்கு அந்தக் காவல் கிடையாது. எடுப்பதற்கு ஒரு நாள் முன் மெசேஜ் வரும், அதைப் பார்க்காமல் விட்டால் அவ்வளவுதான்.

பையன் பெங்களூர் போய்விட்டான். பிப்ரவரியில், சென்னையில் இருந்து ஒரு ஏஜென்சி என்று போன். "எங்களோட சொந்த ஏஐ பிளாட்ஃபார்ம் மேடம், லாட்ஜுக்குன்னே பண்ணினது. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்." ஒன்றுமே பண்ண வேண்டாம் என்ற பேச்சில்தான் விழுந்தேன். 38,000 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி 6,840, ஆக 44,840. இரண்டு தவணையாகத் தருகிறேன் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்திலேயே நான் எழுந்திருக்க வேண்டும்.

வேலையை ஆரம்பித்த முதல் நாளே எங்கள் வாட்ஸ்அப் எண்ணை ஏபிஐக்கு, அதாவது வேறொரு மென்பொருள் நேராக வாட்ஸ்அப்போடு பேசும் வழிக்கு, மாற்ற வேண்டும் என்றார்கள். போனில் இருக்கும் பிசினஸ் ஆப்பில் அக்கவுண்டை டெலிட் செய்யச் சொன்னார்கள், செய்தேன். ஒன்பது வருஷ சாட் போனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருகிற குடும்பங்கள், யாருக்கு எந்த அறை பிடிக்கும், யார் அட்வான்ஸ் கொடுத்து வராமல் போனார்கள், எல்லாம் அதில்தான் இருந்தது. பேக்கப் எடுத்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாற்றம் முடிய மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளும் எங்கள் எண்ணுக்கு அனுப்பிய எதுவும் எங்களிடம் வந்து சேரவில்லை. ராத்திரி அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். இப்போது ஒரே எண்ணை ஆப்பிலும் ஏபிஐயிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதியை வாட்ஸ்அப்பே கொடுக்கிறது. யாராவது உங்களிடம் ஆப்பை டெலிட் செய்யச் சொன்னால், அந்த வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் புதிதாக ஒரு சிம் வாங்கி அதில் சோதனை செய்யுங்கள். ஓடுகிற கடையின் எண்ணில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது ஏப்ரலில் நடந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஒரு நாள் விடிகாலை 5.10க்கு மேனேஜர் ஐயா போன் செய்தார். "பாப்பா, கொஞ்சம் கீழ வா." பர்த்வானில் இருந்து ஒரு குடும்பம். அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து மகன் நிற்கிறார், அம்மா கையில் ஸ்டவ்வும் பிளாஸ்டிக் வாளியும். தரைத்தளத்தில் சமையல் வசதியோடு அறை உறுதி என்று எங்கள் எண்ணில் இருந்து பதில் போயிருக்கிறது. தரைத்தளத்தில் இருப்பது நான்கு அறை. நான்கிலும் ஆள் இருந்தது, ஒரு வாரமாகவே இருந்தது. மகன் போனை நீட்டி, "இது உங்கள் நம்பர்தானே, தீதி?" என்று இந்தியில் கேட்டார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தப் பெரியவரை ரிசப்ஷன் சோபாவில் படுக்க வைத்து, ஒன்பது மணிக்கு லிப்ட் இருக்கும் பக்கத்து லாட்ஜில் இடம் பிடித்துக் கொடுத்தோம். நாளைக்கு 450 ரூபாய் வித்தியாசம், ஆறு ராத்திரி, 2,700 ரூபாய் நான் கட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னது என்று தோண்டியபோதுதான் தெரிந்தது. ஏஜென்சி அந்த ஏஐக்குக் கொடுத்திருந்தது எங்கள் லாட்ஜைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. 24 அறை, தரைத்தளத்தில் நான்கு, சமையல் வசதி உண்டு. இன்றைக்கு எது காலி என்கிற தகவலே அதற்குப் போகவில்லை. கேட்டவர் இருக்கிறதா என்று கேட்டார், குறிப்பில் இருக்கிறது, ஆகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. அதுவும் எவ்வளவு மரியாதையாக, நல்ல வங்காளியில்! இந்த ஏஐக்குப் பின்னால் இருக்கும் மொழி மாடல்கள் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதைவிட, பொருத்தமாக ஒன்றைச் சொல்லி முடிக்கத்தான் பார்க்கும். வேறொருவர் எலும்பு டாக்டர் யார் நல்லவர் என்று கேட்டதற்கும் ஏதோ பதில் சொல்லியிருந்தது. நல்ல வேளை, அவர் அதை நம்பிப் போகவில்லை. ஆட்டோமேஷன் தளத்தைக் காட்ட வருகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "இது தெரியாத கேள்விக்கு என்ன செய்யும், எனக்கு இப்போதே காட்டுங்கள்" என்பதுதான். தெரிந்த கேள்விக்கு எல்லோருடையதும் அருமையாகப் பதில் சொல்லும்.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். பார்க்கிறோம் என்றார்கள். பிறகு எடுக்கவில்லை. எங்கள் உரையாடல்களை டவுன்லோட் செய்து கொடுங்கள் என்று மெயில் போட்டேன், பதில் இல்லை. அதுவும் ஒரு பாடம். காசு கட்டும் முன்னாலேயே, நான் நாளைக்கு விலகிப் போனால் என் தரவை எந்த வடிவில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேட்டு, முடிந்தால் மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பழையபடி கையால் பதில் போட ஆரம்பித்தேன். கத்திரி வெயில் வேறு. ரிசப்ஷன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருப்பேன்.

அந்த வாரம்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஏழு நாள் வந்த ஒவ்வொரு மெசேஜையும் ஒரு கோடு போட்டுக் குறித்தேன். மொத்தம் 412. அதில் 291 ஒரே ஐந்து கேள்வி: வாடகை எவ்வளவு, சமைக்கலாமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், காட்பாடியில் இருந்து எப்படி வருவது, என்ன அடையாள அட்டை வேண்டும். 64 பேர் தேதி மாற்றம், அறை கேட்பு. 38 பேர் பில், மறந்துபோன சார்ஜர், தண்ணீர் வரவில்லை வகை. மீதி 19 வைத்தியம், டாக்டர், சொந்தக் கஷ்டம். 291 பேருக்கு ஏஐ எதற்கு? ஐந்து கேள்விக்கு நான்கு மொழியில் பதிலை எழுதி வைத்து, பட்டன் பட்டியலாக அனுப்பினால் போதும். இத்தனை மாதம் நான் காசு கட்டத் தயாராக இருந்தது இந்த 291க்குத்தான். ஏஐ உண்மையிலேயே உதவக்கூடிய இடம் அந்த 64. ஆங்கில எழுத்தில் கோணல்மாணலாகத் தட்டிய வங்காளியில் இருந்து எந்தத் தேதி, எத்தனை பேர் என்று பிடுங்கித் தருவதில் அது கெட்டி, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டு கையில் இருந்ததால் ஒப்பிடுவது எளிதாகிவிட்டது. எங்களுக்கு ஒரு மெசேஜ் ஐந்து படி தாண்டும்: வந்து சேர்வது, ஏஐ வகை பிரிப்பது, ஷீட்டில் பார்ப்பது, பதில் அனுப்புவது, ஒரு வரி பதிந்து வைப்பது. நாளைக்குச் சராசரி 59, மாதம் 1,770. இதை ஒவ்வொரு தளமும் எப்படி எண்ணும்? ஸேப்பியர் என்ற தளத்தில், வேலையைத் தொடங்கி வைக்கும் முதல் படிக்கு (ட்ரிகர் என்பார்கள், எங்களுக்கு மெசேஜ் வந்து சேர்வது) கணக்கு இல்லை, அதன்பின் நடக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். ஆக மெசேஜுக்கு நான்கு, மாதம் 7,080 டாஸ்க். அதன் இலவசத் திட்டம் மாதம் 100 டாஸ்க், அதுவும் ஒரு ட்ரிகர் ஒரு செயல் மட்டும். எங்களுக்கு இரண்டு நாள் வராது. மேக்கில் படிக்கு மாட்யூல் என்று பெயர், ட்ரிகரையும் சேர்த்து ஒவ்வொரு மாட்யூலும் கணக்கு, ஆக 8,850. 2025 ஆகஸ்ட்டில் ஆபரேஷன் என்பதை கிரெடிட் என்று மாற்றினார்கள், சாதாரண மாட்யூல் ஒன்றுக்கு ஒரு கிரெடிட், அதன் சொந்த ஏஐ வசதிகளுக்கு டோக்கனைப் (ஏஐ எழுத்தைத் துண்டு துண்டாக எண்ணும் அளவு) பொறுத்துக் கூடுதல். என்எய்ட்என் (n8n) என்ற தளத்தை அவர்களே தங்கள் சர்வரில் நடத்தித் தரும் கிளவுடில் ஐந்து படியானாலும் ஐம்பது படியானாலும் ஒரு ஓட்டம் ஒரு எக்ஸிக்யூஷன், ஆக 1,770. ஒரே வேலை, மூன்று எண்ணிக்கை. கட்டணப் பக்கத்தில் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் விற்கிறார்கள்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, புதிதாக ஏதாவது வந்ததா என்று தானே போய்ப் பார்க்கும் முறை. 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் நாளைக்கு 96 தடவை, மாதம் 2,880. மேக்கில் ஒன்றுமே வராவிட்டாலும் போய்ப் பார்த்ததற்கு ஒரு கணக்கு உண்டு. மாதம் 1,000 கொடுக்கும் இலவசத் திட்டத்தில் இப்படி வைத்தால், ஒரு வாடிக்கையாளரும் எட்டிப் பார்க்காமலேயே 11ஆம் நாள் தீர்ந்துவிடும். வந்தவுடன் அவர்களே வந்து கதவைத் தட்டும் வெப்ஹூக் முறை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஸேப்பியரில் வெப்ஹூக் வேண்டுமானால் காசு கட்டும் திட்டத்தில்தான். கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவற்றையும் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோஹோ ஃப்ளோ, உங்கள் கணக்கு வழக்கு ஏற்கெனவே ஜோஹோவில் இருந்தால் யோசிக்காமல் முதலில் அதைப் பாருங்கள். எங்கள் கணக்கு டேலியில், அதனால் ஒட்டவில்லை. ஆபீஸ் முழுக்க மைக்ரோசாப்ட் 365 இருக்கிறவர்களுக்குப் பவர் ஆட்டோமேட் சரி, ஆனால் வெளி ஏபிஐயைக் கூப்பிடும் ஹெச்டிடிபி இணைப்பு அதில் பிரீமியம் வகை. பாப்லி கனெக்ட் நம் நாட்டுக்காரர்களுடையது, ட்ரிகருக்கும் உள்வேலைகளுக்கும் எண்ணிக்கை போடுவதில்லை. பாதி மனசு அங்கே போனது. கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை யாரும் விற்பதில்லை, அதனால் யாரும் சொல்வதும் இல்லை. ஜிமெயிலில் வரும் ஆன்லைன் புக்கிங் மெயிலைப் பிரித்து ஷீட்டில் போட அதுவே போதும். காசு இல்லை, ஒரு ஓட்டம் ஆறு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் முக்கியக் கட்டுப்பாடு. எங்களுக்கு ஆறு செகண்டே ஆகிறது.

கடைசியில் என்எய்ட்என்னை எடுத்தேன், சொந்தமாக ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுத்து அதில் போடுவது என்று. சொந்த நிறுவனத்தின் உள்வேலைக்கு அப்படிப் போட்டுக்கொண்டால் மென்பொருளுக்குக் காசு இல்லை. இலவசம் என்று நினைத்து யாரும் ஓடிப் போக வேண்டாம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பையன் பெங்களூரில் இருந்து எத்தனை நாள் பார்ப்பான்? இங்கேயே காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கும் ஒரு தம்பியைப் பிடித்தேன். வாரம் ஒருமுறை வருவான், அவசரத்துக்குப் போன் எடுப்பான், மாதம் 3,000. சர்வர் 700. ஏஐக்கு 250க்குள். தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ராத்திரி பதினொரு மணிக்கு நின்றுபோனால் யார் வருவார்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பெயர் இருக்க வேண்டும். இல்லை என்றால் கூடக் காசானாலும் கிளவுடில் அவர்களே நடத்துவதை எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, அதோடு நிம்மதியா? இல்லை. காலை 7 மணிக்கு அன்றைக்கு யார் யார் காலி செய்கிறார்கள் என்ற பட்டியல் மேனேஜர் ஐயாவுக்கு வர வேண்டும் என்று வைத்தோம். வந்தது, சாயங்காலம் 4.30க்கு. இரண்டு நாள் மண்டையை உடைத்தபின் தம்பி கண்டுபிடித்தான், என்எய்ட்என்னில் நாம் மாற்றாவிட்டால் கடிகாரம் நியூயார்க் நேரத்தில் ஓடும். கொல்கத்தா நேரம் என்று ஒரு வரி மாற்றியதும் சரியானது. அடுத்து, ஒரு ராத்திரி ஒரே விருந்தாளிக்கு உங்கள் அறை உறுதி என்று 43 தடவை போனது. ஷீட்டில் வரி மாறினால் மெசேஜ் அனுப்பு என்று வைத்திருந்தோம். மெசேஜ் போனதும் அதே வரியில் அனுப்பியாச்சு என்று எழுதவும் வைத்திருந்தோம். எழுதியதால் வரி மாறியது, மாறியதால் மறுபடி அனுப்பியது. கோவில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி! அவர் எங்களை பிளாக் செய்துவிட்டார். அப்படிச் செய்கிறவர்கள் கூடினால் அந்த எண்ணின் தர மதிப்பீட்டையே வாட்ஸ்அப் இறக்கிவிடும். அனுப்பும் முன் அனுப்பியாச்சா என்று பார்க்கும் ஒரு படி முதலிலேயே வேண்டும். அதேபோல, நம் பக்கம் ஒழுங்காகப் பதில் போகாவிட்டால் வாட்ஸ்அப் ஒரே மெசேஜைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு அடையாள எண் இருக்கிறது, அதைக் குறித்து வைத்து, வந்ததே மறுபடி வந்தால் தள்ளிவிட வேண்டும். இப்படி டெஸ்ட் என்ற பெயரில், முன்பே எழுதி வைத்த டெம்ப்ளேட் மெசேஜுக்கும் ஏஐக்கும் போனது 3,100. வாடிக்கையாளர் கேட்டு 24 மணி நேரத்துக்குள் நாம் போடும் சாதாரணப் பதிலுக்கு வாட்ஸ்அப்பில் காசு இல்லை, நாமாகப் போய் அனுப்பும் டெம்ப்ளேட்டுக்குத்தான். 2025 ஜூலையில் இருந்து அது ஒவ்வொரு மெசேஜுக்கும் என்ற கணக்கு.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் தம்பி புது வெர்ஷன் போடுகிறேன் என்று டாக்கர் கன்டெய்னரை, அதாவது சர்வரில் என்எய்ட்என் ஓடும் பெட்டியை, அழித்துப் போட்டான். தரவை வெளியே தனி இடத்தில் வைக்கவில்லை, கன்டெய்னரோடு போனது. ஒர்க்ஃப்ளோக்களை, அதாவது நாங்கள் கட்டிய படிகளின் வரிசையை, நான் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன், பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். படிகள் திரும்ப வந்தன, பாஸ்வேர்டுகள் வரவில்லை. அவற்றின் பேக்கப் இருந்தாலும், பூட்டும் என்கிரிப்ஷன் சாவி இல்லாமல் திறக்காதாம். எல்லாவற்றையும் புதிதாக இணைக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. தம்பி முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தான், திட்ட மனசு வரவில்லை, பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். இப்போது அந்தச் சாவி ஒரு காகிதத்தில் எழுதி லாட்ஜ் லைசென்ஸ் இருக்கும் பீரோவில் இருக்கிறது.

பாஸ்போர்ட் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், அதற்காகப் பாஸ்போர்ட் படத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மற்றவர்கள் ஆதாரையும், கேட்காமலேயே ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் அனுப்புவார்கள். ஒரு நாள் பழைய ஓட்டங்களைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு படியிலும் போன வந்த தரவு அப்படியே சேமித்துக் கிடக்கிறது, படங்களும். அவை ஏஐ நிறுவனத்துக்கும் போயிருக்கின்றன. நோயாளிகளின் காகிதங்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும், அவர்கள் என்னை நம்பி அனுப்பியது. அன்றே, படமோ கோப்போ வந்தால் ஏஐ பக்கமே போகாமல் நேராக ரிசப்ஷனுக்குப் போகும்படி முதல் படியிலேயே பிரித்துவிட்டோம், பழைய ஓட்டங்கள் சில நாளில் தானாக அழியும்படியும் வைத்தோம். உங்கள் கடைக்கு என்னென்ன படம் வரும் என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் இருந்து ஓடுகிறது. ஏஐ இப்போது ஒரு வார்த்தைகூட வாடிக்கையாளரிடம் பேசுவதில்லை. என்ன மொழி, எந்த வகைக் கேள்வி, எந்தத் தேதி என்று எங்களுக்குச் சொல்வதோடு சரி. பதில்கள் எல்லாம் நாங்கள் எழுதி வைத்தவை. வங்காளிப் பதில்களை இரண்டு மாதம் தங்கியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். ஏஐக்குக் கொடுக்கும் குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் சுருக்கமாக வைத்திருக்கிறோம், ஒரே வாக்கியம் தமிழிலோ வங்காளியிலோ இருந்தால் டோக்கன் கூடுதலாகச் செலவாகும். அறை கேட்டால், பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு வரி போகும், மேனேஜர் ஐயா போனில் இரண்டு பட்டன் வரும். அவர் லெட்ஜரைப் புரட்டி, விரலை நாக்கில் வைத்து, பிறகுதான் அமுக்குவார். ஆம் என்று அமுக்கிய பிறகும் அந்த எண்ணைத் தன் போனில் இருந்து கூப்பிடுகிறார். அதான் மெசேஜ் போயிடுச்சே, எதுக்கு மறுபடி என்று ஒரு நாள் கேட்டேன்.

"லிப்ட் இல்லைன்னு ஒரு தடவை வாயால சொல்லிட்டேன் பாப்பா. அவங்க ரயில் ஏறுறதுக்கு முன்னாடி."